ஒரு ஸ்பூன் பச்சைப் பொடி... அரவக்குறிச்சி முருங்கைக் காடு சொல்லும் கணக்கு!

கரூரிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில் மலைக்கோவிலூர் பக்கம் வந்ததும் ஜன்னலோரக் காட்சி மாறிவிடுகிறது. காவிரிக்கரை, அமராவதிக்கரைப் பசுமையெல்லாம் பின்னால் போய்விட, செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம் தொடங்குகிறது. கிளுவை முள்வேலிக்குள் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். அவற்றுக்கு நடுவே, மெல்லிய பச்சைப் புகை படர்ந்ததுபோல வரிசை வரிசையாக நிற்பவை முருங்கை மரங்கள்.

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சி வட்டாரம் இது. கோடையில் வெயில் அதிகம் பதிவான ஊர்களின் பட்டியலை வானிலை ஆய்வு மையம் வெளியிடும்போது, ‘கரூர் பரமத்தி’ என்ற பெயர் அடிக்கடி வருமே, அந்த க.பரமத்தியும் பக்கத்தில்தான் இருக்கிறது. மழை குறைவு, வெயில் கொடுமை, கிணற்றில் தண்ணீர் எப்போது வற்றும் என்று தெரியாது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு நிற்கிற பயிர் முருங்கை. அதனால்தான் அரவக்குறிச்சி, பள்ளப்பட்டி, ஈசநத்தம், மலைக்கோவிலூர் என்று இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் முருங்கைக் காடு. கொங்குப் பக்கத்தில் ‘காடு’ என்றால் வனம் கிடையாது, மானாவாரி வயல். ‘காட்டுக்குப் போயிருக்காங்க’ என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தக் காட்டு இலைதான் இன்று பச்சைப் பொடியாகி, பளபளக்கும் டப்பாவில் ஏறி, செல்போன் திரையில் விளம்பரமாக வந்து நிற்கிறது. ‘தினம் ஒரு ஸ்பூன் போதும்’ என்கிறது அந்த விளம்பரம். உண்மையிலேயே போதுமா? அதற்கான பதில் டப்பாவின் லேபிளில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி இந்தக் காட்டில் இருக்கிறது.

கீரை ஆய நேரமில்லாத காலை

பொடிக்கு ஏன் இத்தனை மவுசு என்பதைப் புரிந்துகொள்ள அரவக்குறிச்சி வரை வரவேண்டியதில்லை. சென்னை ஓ.எம்.ஆரிலோ கோவை சரவணம்பட்டியிலோ ஒரு வீட்டின் காலை நேரத்தைப் பார்த்தாலே போதும். ஏழரைக்குப் பள்ளி வேன், எட்டரைக்கு அலுவலகப் பேருந்து, இடையில் இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு வாட்டர் பாட்டில், வாட்ஸ்அப்பில் மேனேஜரின் மெசேஜ். இந்த ஓட்டத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை உட்கார்ந்து ஆய்வதற்கு யாருக்கு இருக்கிறது அரை மணி நேரம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், வளர்ந்தவர்கள் தினமும் 100 கிராம் அளவுக்குக் கீரை சேர்த்துக்கொள்வது நல்லது என்கிறது. வாரத்தில் ஒருநாள் கீரை சமைப்பதே பெரிய விஷயமாகிவிட்ட வீடுகளுக்கு இது எட்டாத இலக்கு. அந்த இடைவெளியில்தான் பொடி நுழைகிறது. ஆய வேண்டாம், அலச வேண்டாம், புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். தண்ணீரில் கலக்கினால் ஆயிற்று.

தேவையும் இல்லாமல் இல்லை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்! முருங்கைக்கு இரும்புச்சத்தில் நல்ல பெயர் உண்டு. அதனால், ‘மாத்திரைக்குப் பதிலா இந்தப் பொடியைச் சாப்பிட்டா என்ன?’ என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. இங்கேதான் கவனம் தேவை. அதைப் பார்ப்பதற்கு முன், இந்த மரம் காடு நிறையப் பரவிய கதையைத் தெரிந்துகொள்ளலாம்.

போத்திலிருந்து விதைக்கு...

முருங்கையின் தாயகம் இமயமலை அடிவாரத்து வட இந்தியா என்கிறார்கள் தாவரவியல் அறிஞர்கள். ஆனால், உலகம் அதற்கு வைத்திருக்கும் பெயர் தமிழ் மணம் கொண்டது. தாவரவியலில் ‘மொரிங்கா’ என்று அழைக்கப்படும் பெயர், நம் ஊர் ‘முருங்கை’யிலிருந்து போனதுதான். ஆன்லைனில் ‘மொரிங்கா பவுடர்’ என்று ஆர்டர் செய்பவர்கள், வீட்டுக் கொல்லையில் நின்ற அதே மரத்தைத்தான் ஊர் சுற்றி வரவழைக்கிறார்கள்.

முன்பெல்லாம் முருங்கை என்றால் மர முருங்கைதான். ஒரு கிளையை வெட்டி நட்டுவைத்தால் துளிர்த்துவிடும். அந்தக் கிளைத்துண்டை ‘போத்து’ என்பார்கள். யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, மூலனூர் முருங்கை என்று ஊர்ப்பெயர் தாங்கிய ரகங்கள் இருந்தன. இதில் மூலனூர், அரவக்குறிச்சிக்கு மேற்கே, திருப்பூர் மாவட்டத்து ஊர். பருத்தி ஏலத்துக்குப் பெயர்போன இந்த ஊரின் பெயரிலேயே ஒரு முருங்கை ரகம் இருக்கிறது என்றால், இந்த மண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள உறவு புரியும்.

கதை மாறியது 1989-ல். தேனி மாவட்டம் பெரியகுளத்தில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி, பி.கே.எம்.-1 என்ற ரகத்தை வெளியிட்டது. பி.கே.எம். என்பது பெரியகுளத்தைக் குறிக்கும் எழுத்துகள். இந்த ரகத்துக்குப் போத்து தேவையில்லை. விதை போட்டு ஆறே மாதத்தில் காய் பறிக்கலாம். காய் ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் நீளத்துக்கு வளரும். காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவு விட்டு வெட்டிவிட்டால், மறுபடி துளிர்த்துக் காய்க்கும். சந்தையில் இதற்குச் ‘செடி முருங்கை’ என்று பெயர்.

‘முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்வது அனுபவ விவசாயம். ஒடிக்க ஒடிக்கப் பக்கக் கிளை வரும். கிளை வந்தால் இலையும் பூவும் பெருகும். காய்க்காக நட்ட மரத்தை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுகிறவர்கள், இலைக்காக நட்ட செடியை ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். இரண்டும் ஒரே முருங்கைதான். ஆனால், விவசாயத்தில் இரண்டும் இரண்டு வேறு பயிர்கள். பொடி வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

மண்டியில் நிற்கும் மூட்டைகள்

வெயில் தாழ்ந்ததும் அரவக்குறிச்சி வட்டாரத்து கமிஷன் மண்டிகள் உயிர்பெறுகின்றன. மினி வேனிலும், மொபெட்டின் பின்சீட்டிலும் முருங்கைக்காய்க் கட்டுகள் வந்து இறங்குகின்றன. எடை போட்டு, தரம் பிரித்து, சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினால், கேரளத்துக்கும் மும்பை, கொல்கத்தா போன்ற வடநாட்டு நகரங்களுக்கும் பயணம். சீசன் நேரத்தில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் விசாரிப்பே, ‘இன்னிக்குக் கிலோ என்ன போச்சு?’ என்றுதான் தொடங்கும்.

இங்கிருந்து தென்மேற்கே, திண்டுக்கல் - பழனி சாலையில் இருக்கிறது ஒட்டன்சத்திரம். தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரள வியாபாரிகளின் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஊர். அவியலுக்கும் சாம்பாருக்கும் போகும் முருங்கைக்காயில் பெரும்பங்கு இந்தச் சந்தையைத் தொட்டுத்தான் போகிறது.

விலைதான் விவசாயியைப் படுத்துகிறது. பங்குனி தொடங்கி ஆனி வரை காய் கொட்டும். எல்லோருடைய காட்டிலும் ஒரே நேரத்தில் கொட்டும். அப்போது கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடுகிற நாள்கள் உண்டு. பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று மரத்திலேயே காயை முற்ற விட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்துவிடும். காய் இருக்காது. அப்போது அதே கிலோ நூறைத் தாண்டி, சில ஆண்டுகளில் பல நூறு ரூபாய்க்குப் போய் தலைப்புச் செய்தியாகும். விலை ஏறும்போது விற்கக் காய் இல்லை. காய் இருக்கும்போது விலை இல்லை.

‘முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்’ என்று ஒரு பழமொழி உண்டு. வயதான பிறகும் ஊன்றுகோல் பிடிக்காமல், கைவீசி நடக்கும் தெம்பு கிடைக்கும் என்பது அதன் பொருள். விலை விழுந்த நாளில் மண்டியிலிருந்து திரும்பும் விவசாயிக்கு அதே பழமொழி வேறு மாதிரி கேட்கும். சாப்பிட்டவருக்குத் தெம்பு, நட்டவருக்கு வெறுங்கை!

இலைப் பொடிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. காயை இரண்டு நாள் வைத்திருந்தாலே வாடிவிடும். பொடி அப்படியல்ல, காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். விலை சரியில்லையென்றால் காத்திருக்கலாம். தமிழக அரசும் மதுரையை மையமாகக்கொண்டு கரூர், திண்டுக்கல், தேனி, திருப்பூர், மதுரை, தூத்துக்குடி, அரியலூர் ஆகிய ஏழு மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்திருக்கிறது. இலைப் பொடி, விதை, விதை எண்ணெய் என்று மதிப்புக் கூட்டி விற்றால் காய் விலையை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்பதுதான் இதன் நோக்கம். ஆக, டப்பாவிலிருக்கும் அந்தப் பொடி நகரத்துச் சமையலறைக்கு எவ்வளவு முக்கியமோ, அதைவிட இந்தக் காட்டுக்கு முக்கியம்.

இலை பொடியாகும் பாதை

பொடி தயாரிப்பில் ரகசியம் எதுவும் இல்லை. பொறுமைதான் வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் கிளைகளை வெட்டுகிறார்கள். வெட்டிய சில மணி நேரத்துக்குள் வேலை தொடங்கிவிட வேண்டும். குவித்துவைத்தால் சூடு ஏறி இலை பழுத்துவிடும். பழுத்த இலை, பூச்சி அரித்த இலைகளைக் கழித்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் காம்பிலிருந்து இலையை உருவி, வலை விரித்த தட்டுகளில் மெலிதாகப் பரப்பி, நிழலில் உலர்த்துகிறார்கள். காற்றோட்டமான கொட்டகையாக இருந்தால் சில நாள்கள் ஆகும். சூரிய உலர்த்தி வைத்திருப்பவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும்.

நேரடி வெயிலில் கொட்டிக் காயவைத்தால் இன்னும் சுலபம்தானே என்று தோன்றலாம். காயும், ஆனால் வெளுத்துவிடும். பச்சை மங்கி, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். நிறம் போகும்போது, கண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படும் பீட்டா கரோட்டீனும் சேர்ந்து போகிறது. கையில் எடுத்துக் கசக்கினால் நொறுங்க வேண்டும். அந்தப் பதத்தில்தான் அரைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அலசுவதும் உலர்த்துவதும் சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2025-ல் அமெரிக்காவில் முருங்கை இலைப் பொடி சேர்ந்த சில கீரைப் பொடிகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சால்மொனெல்லா கிருமித் தொற்று ஏற்பட்டது. அந்தப் பொடிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் கீரையை வேகவைத்துச் சாப்பிடுகிறோம், கிருமி செத்துவிடுகிறது. பொடியை அப்படியே ஜூஸிலும் மோரிலும் கலந்து குடிக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு விஷயம், பூச்சிமருந்து. காய்க்காக வளர்க்கும் காட்டில் கம்பளிப்புழு, காய் ஈ, தேயிலைக் கொசு என்று வரிசையாகத் தொல்லைகள் உண்டு. பூ உதிராமல் காப்பாற்ற மருந்து அடிப்பார்கள். அந்தக் காட்டின் இலையை உருவிப் பொடியாக்கினால், மருந்தும் உலர்ந்து பொடியோடு சேரும். இலைக்காகவே நட்டு, அதற்கேற்ற முறையில் வளர்த்த செடியின் இலைதான் பொடிக்கு ஏற்றது. ‘இது காய்க்காட்டு இலையா, இலைக்காட்டு இலையா?’ - விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

ஒரு ஸ்பூனுக்குள் எவ்வளவு?

இப்போது கணக்குக்கு வரலாம். பச்சை முருங்கைக்கீரையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதனால் 100 கிராம் இலையை உலர்த்தினால் சுமார் 25 கிராம் பொடி கிடைக்கும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடி ஏறக்குறைய 3 கிராம். அதாவது, ஒரு ஸ்பூன் பொடி என்பது 12 கிராம் பச்சைக் கீரை. ஒரு சின்னக் கைப்பிடி, அவ்வளவுதான். தினசரித் தேவையான 100 கிராமில் எட்டில் ஒரு பங்கு.

இரும்பு: 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. அப்படியென்றால் ஒரு ஸ்பூன் பொடியில் அரை மில்லிகிராம்தான். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரை இருக்கும் இடத்தில் ஸ்பூனை வைத்துப் பார்த்தால், நூறில் ஒரு பங்குகூட வராது. ரத்தசோகைக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது ஆபத்தான கணக்கு.

கால்சியம்: ‘பாலைவிடப் பல மடங்கு கால்சியம்’ என்று விளம்பரம் சொல்கிறது. 100 கிராம் பொடியையும் 100 மில்லி பாலையும் ஒப்பிட்டால் அது உண்மைதான். ஆனால், 100 கிராம் பொடியை யார் சாப்பிடப் போகிறார்கள்? ஒரு ஸ்பூன் பொடியில் 40 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கும். ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும்.

வைட்டமின் சி: பச்சைக் கீரையில் ஆரஞ்சைவிட அதிகம் இருக்கிறது. ஆனால், காற்றும் சூடும் பட்டால் முதலில் ஓடிப்போகும் சத்து இதுதான். உலர்த்தி அரைப்பதற்குள் பெரும்பகுதி போய்விடும். பச்சைக் கீரையின் பெருமையைப் பொடி டப்பாவில் ஒட்டினால் அது சரியான கணக்கு ஆகாது.

பீட்டா கரோட்டீன்: பொடி கைகொடுக்கும் இடம் இது. நிழலில் உலர்த்திய, பச்சை மாறாத பொடியில் ஓரளவு நன்றாகவே தங்கும். கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ‘அப்போ பொடி வேஸ்ட்டா?’ என்று கேட்க வேண்டியதில்லை. கீரையே தொடாத நாளில் ஒரு கைப்பிடிக் கீரை உள்ளே போவது லாபம்தான். அது ஒரு கைப்பிடி என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ‘பொடி சாப்பிட்டாச்சே’ என்ற தைரியத்தில் காய்கறியையும் பழத்தையும் குறைத்தால், மிச்சமாவது டப்பாவுக்குக் கொடுத்த காசுக்கான பில் மட்டும்தான்.

யார் யோசிக்க வேண்டும்?

சமையலில் சேரும் கீரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பொடியாகத் தினமும் எடுக்கும்போது சிலர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரையிலிருக்கும் வைட்டமின் கே, மருந்தின் வேலையைக் குறைத்துவிடலாம். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு முக்கியம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். முருங்கைப் பட்டை, வேர் சேர்ந்த பொடிகளைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் இரண்டு மூன்று ஸ்பூன் சாப்பிட்டால் வயிறு இளகிவிடும். அரை ஸ்பூனில் தொடங்குவதே சரி.

டப்பாவைத் திருப்பிப் பார்க்க...

* நிறம்: நல்ல பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ கலந்திருந்தால், வெயிலில் காய்ந்தது அல்லது நாள்பட்டது.
* வாசனை: உலர்ந்த கீரை மணம் வரவேண்டும். ஈரச் சாக்கு வாடை வந்தால் வேண்டாம்.
* எண்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். தயாரித்த தேதியும் முக்கியம்.
* சேர்மானம்: ‘இருபது கீரைகள் சேர்ந்தது’ என்று இருந்தால், எது எவ்வளவு கிராம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் நீளமாகவும் அளவு மொட்டையாகவும் இருந்தால் சந்தேகம்தான்.
* பேக்கிங்: வெளிச்சம் புகாத உறை நல்லது. கண்ணாடி பாட்டிலில் அழகாகத் தெரியும், சத்துதான் குறையும்.

ஓட்டத்துக்கு நடுவே ஓர் இடம்

முருங்கை விளையும் ஊர்களில் இலையை மருந்துபோல ஸ்பூனில் அளந்து சாப்பிடுவதில்லை. அது சாப்பாட்டோடு சாப்பாடாக உள்ளே போகிறது. கேழ்வரகு மாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டுத் தட்டிய அடை, பாசிப்பருப்போடு ஒரு பொரியல், தண்ணீர்ச்சாறாக ஒரு சூப். கேழ்வரகிலும் கால்சியம் நிறைய இருப்பதால், அந்த அடை ஒன்றே ஒரு ஸ்பூன் பொடியைப் பல மடங்கு மிஞ்சிவிடும்.

பொடி வாங்கியவர்களும் இதே வழியில் போகலாம். அடை மாவு, சப்பாத்தி மாவு, பருப்புப்பொடி, சாம்பார் என்று எதில் வேண்டுமானாலும் ஒரு ஸ்பூன் கலக்கலாம். சுடும்போது, கொதிக்கும்போது கிருமி பயமும் இல்லை. இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதைத் தள்ளிப்போடலாம்.

பச்சைக் கீரையே வாங்குவோருக்கு ஒரு பழைய வீட்டு வைத்தியம்... இல்லை, வீட்டு வித்தை. ராத்திரி தூங்கப் போகும் முன் கீரைக் கட்டை ஒரு பருத்தித் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட வேண்டும். காலையில் பிரித்து உதறினால், பெரும்பாலான இலைகள் தானாகவே உதிர்ந்துவிடும். அரை மணி நேரத்து வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். பொடியின் பெரிய பலமே நேரம் மிச்சம் என்பதுதான். அந்த மிச்சத்தில் பாதியை இந்தத் துணி கொடுத்துவிடுகிறது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு...

கரூரிலிருந்து அரவக்குறிச்சி சுமார் 30 கிலோமீட்டர். பேருந்து வசதி உண்டு. ரயிலில் வருபவர்கள் கரூரிலோ, திண்டுக்கல் - பழனி பாதையில் ஒட்டன்சத்திரத்திலோ இறங்கிக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் போனால் மண்டி நிறையக் காய் பார்க்கலாம். வெயில் தாங்காதவர்கள் தை, மாசியில் போனால், பூத்து நிற்கும் காட்டையும் அதில் மொய்க்கும் தேனீக்களையும் பார்க்கலாம். காடெல்லாம் தனியார் நிலம் என்பதால், கேட்டுவிட்டு உள்ளே போவதே மரியாதை.

இந்தப் பக்கம் பொடி தயாரிக்கும் விவசாயிகள் சிலர் நேரடியாகவும் விற்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால், டப்பாவில் எழுதியிருக்காத இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடலாம். இலை எந்தக் காட்டில் விளைந்தது, எப்படிக் காய்ந்தது? பதில் சொல்ல முடிந்தவரிடம் வாங்கும் பொடிக்குக் கொடுக்கிற காசு, காய் விலை விழுந்த மாதத்தில் அந்தக் காட்டுக்கே போய்ச் சேரும். நட்டவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.